காகிதம் எந்தப் பக்கம்?

பலகை அழுத்தும் பிரஸ்ஸின் கடைசித் திருகையும் இறுக்கிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, நாளைக்குத் தேவைப்படும் வாளியையும் சுரண்டியையும் எடுத்துச் சுவரோரம் வைத்தான். அப்போதுதான் உறைத்தது.

காகிதம் எங்கே?

நாளைக் காலை பிரஸ்ஸைத் திறந்தால், மனைவி செய்த மரப் படத்தின் முகத்தில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்க வேண்டும். அதை நனைத்துச் சுரண்டத்தான் வாளி, அதற்குத்தான் சுரண்டி. ஆனால் மேல்பலகையை இறக்கும்போது அவன் கண்ணில் பட்டது காகிதம் இல்லையே! மரம். கடலும் படகும் பறவையும் பளிச்சென்று தெரிந்தன. 'அடடா, என் பெண்டாட்டி கை கைதான்' என்று ரசித்துக்கொண்டேதான் திருகை முடுக்கினான்.

மேலே மரம் என்றால் காகிதம் கீழே. கீழே என்ன இருக்கிறது? பசை.

அவன் அந்தப் பட்டறையில் பிரஸ்காரன். மெல்லிய மரத் தகடுகளை, அதாவது வெனீரைப் பலகையில் ஒட்டி அழுத்துவது அவன் வேலை. கடை மேஜை, அலமாரிக் கதவு, அலுவலகத் தடுப்பு என்று வருஷம் முழுக்க அவன் ஒட்டுவது கடையில் சுருளாக வாங்கும் வெனீர். அதற்கு முதுகில் காகிதம் வைத்தே வரும். காகிதப் பக்கம் பசைக்கு, மரப் பக்கம் கண்ணுக்கு. யோசிக்க ஒன்றுமில்லை, தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் கை தானாகச் செய்யும்.

அவன் மனைவியின் வேலை வேறு ரகம். அவள் வெனீரை நூல் ரம்பத்தில் துண்டு துண்டாக அறுத்துப் படம் சேர்ப்பவள். ஒவ்வொரு துண்டையும் முகம் கீழே இருக்கும்படி ஒரு பெரிய பழுப்புக் காகிதத்தில் ஒட்டிக்கொண்டே போவாள். அவளுடைய காகிதம் படத்தின் முகத்தில் இருக்கும். எடுத்துப் புரட்டி, காகிதம் மேலே வரும்படிதான் பலகையில் போட வேண்டும்.

புரட்டினானா? இல்லை. பலகையில் பசையைத் தடவினான், படம் மேஜையில் கிடந்த வாக்கிலேயே கோவில் தட்டு மாதிரி பயபக்தியோடு இரண்டு கையாலும் தூக்கி வந்தான், வைத்தான், இறுக்கினான்.

சந்தேகம்கூட வரவில்லை. ஏன் வரும்? அவள் பின்பக்கத்திலிருந்தே வேலை செய்பவள். மழைக்காலம் முழுக்க அவன் அந்தப் படத்தைப் பின்பக்கமாகத்தான் பார்த்து வந்திருக்கிறான். இடது ஓரத்தில் கலங்கரை விளக்கம், வலது பக்கம் போகிற படகு. அதுவே சரி என்று கண்ணுக்குப் பழகிவிட்டது. நிஜப் படகுத்துறையில் நின்று பார்த்தால் கலங்கரை விளக்கம் இருப்பது வலது பக்கம், படகு வந்து கட்டும் படித்துறை இடது பக்கம். படம் மாட்டப்போவதோ அதே படகுத்துறையின் காத்திருப்பு அறையில். தினமும் ஜன்னல் வழியே அந்த விளக்கத்தைப் பார்க்கிற ஜனங்களின் மூக்குக்கு நேரே!

அதுவரை அவள் அறுத்ததெல்லாம் அடுத்தவர் வரைந்து கொடுத்த பூவும் கொடியும். இது அவளே வரைந்து, அவளே மரம் பொறுக்கி, அவளே அறுத்த முதல் படம். கடல் அலைக்காக ஒரே ஒரு வால்நட் கட்டையின் அடிப்பாகத்தைத் தகடாகச் சீவி வாங்கியிருந்தாள். அதில் ரேகைகள் தண்ணீர் மாதிரியே நெளியும். அந்தக் கட்டை முடிந்துபோயிற்று. இன்னொரு கடல் வேண்டுமென்றால் இன்னொரு மரம்தான் முளைக்க வேண்டும்.

விடியும்போது கடைசித் துண்டைப் பதித்துவிட்டு, "எழுந்ததும் ரெண்டு பேருமா சேர்ந்து பிரஸ்ல போடலாங்க, நீங்க தனியா தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குத் தூங்கப் போனாள். பட்டறை கீழே, வீடு மேலே.

தொடாதீங்க என்றாளே! தொட்டானே! கண் விழித்து வரும்போது வேலை முடிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று ஒரு நினைப்பு. நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு ஒருவன் பண்ணக்கூடிய நாசம் இருக்கிறதே, அதற்கு அளவே கிடையாது.

"என்ன மாப்ளே, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறே?"

வாசலில் மச்சான். மனைவியின் அண்ணன். பாலீஷ் போடுகிறவர். எப்போதும் ஸ்பிரிட் வாசனையும், தோளில் ஒரு பையும். பையில் பாலீஷ் துணிகளோடு தூண்டில் சாமானும் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் பிடிக்கப் போவார். மீன்கள் அவரைப் பார்த்துப் பழகிவிட்டன, ஆபத்தில்லாத மனுஷன் என்று.

"மச்சான்... கதவைச் சாத்துங்க."

சொன்னான். இரண்டே வாக்கியம். மச்சான் பிரஸ்ஸைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார், பிறகு அவனை, ஏதோ கடைசியாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தூங்கறா."

"அப்ப தெரிய வேணாம்." மச்சான் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குத் தெறக்கிறோம். மேலே இருக்கிறதும் மரம்தானே? நான் தேய்ச்சு பாலீஷ் அடிச்சா கண்ணாடி மாதிரி ஆயிரும். கலங்கரை விளக்கம் இந்தப் பக்கம் இருந்தா என்ன, அந்தப் பக்கம் இருந்தா என்ன? கப்பல் வழி தவறிப் போயிருமா?"

"அடியில காகிதம் இருக்கு மச்சான். ஒரு வெயில் காலம் தாங்காது. கொப்புளம் கொப்புளமா எழும்பிடும்."

"அப்ப பசை சரியில்லைன்னு சொல்லு. பசைக்கு வாயா இருக்கு, எதிர்த்துப் பேச?"

அவன் யோசித்தான். வெட்கமாக இருந்தாலும் யோசிக்கத்தான் செய்தான். பழைய பசை, டப்பா மூடி சரியாக மூடவில்லை, மழை ஈரம். நாளைக் காலை எல்லோரும் சேர்ந்து பசைக்காரனைத் திட்டலாம். திட்டிக்கொண்டே அழுவாள். அவன் முதுகைத் தடவிக்கொடுக்கலாம்...

மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

மச்சான் சட்டென்று ஒரு பாலீஷ் துணியை எடுத்து, எந்தப் பொருளும் இல்லாத மேஜையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

அவள் கலைந்த முடியை அள்ளிச் செருகிக்கொண்டே இறங்கினாள். கன்னத்தில் தலையணைக் கோடு. முதலில் அண்ணனைப் பார்த்தாள்.

"என்னண்ணே, வெறும் மேஜைக்குப் பாலீஷ்?"

"தூசி."

"நீங்க தூசி தட்டுறீங்களா? உலகம் எங்க போயிட்டிருக்கு?" பிறகு தன் வேலை மேஜையைப் பார்த்தாள். காலி. திரும்பி பிரஸ்ஸைப் பார்த்தாள். திருகுகள் இறுகியிருந்தன. ஓரத்தில் வெள்ளைப் பசை முத்து முத்தாக வெளியே வந்திருந்தது.

"போட்டுட்டீங்களா?"

அவன் தலை மேலும் ஆடவில்லை, கீழும் ஆடவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ செய்தது.

அவள் முகம் மலர்ந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

"தனியா தொடாதீங்கன்னு சொன்னேன், இல்ல? ஆனா ஒண்ணு சொல்லவா? போட்டதே நல்லதாப் போச்சு. எனக்குத்தான் கை நடுங்கிட்டு இருந்துச்சு. கனவுல கூட அந்தப் பலகை நழுவி நழுவி விழுது." கிட்டே வந்து அவன் தோளில் நெற்றியை வைத்தாள். "நீங்க போட்டா தப்பு வராது. அப்பாடா! நாளைக்கு சாயங்காலம் படத்தை எடுக்க வண்டி வர்றப்ப ரெடியா இருக்கும்னு துறைக்காரங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

மச்சான் மேஜையை இன்னும் வேகமாகத் தேய்த்தார். 'வாயைத் திறக்காதே' என்று ஒரு புருவம் ஏறியது.

அவள் நாலு எட்டு வைத்திருப்பாள். போன் மாடியில் இருந்தது. படியில் கால் வைக்கும்போது அவன் சொல்லிவிட்டான். சொல்ல வேண்டும் என்று தீர்மானித்ததெல்லாம் இல்லை; தொண்டையில் சிக்கிய முள் இருமலில் வருவதுபோல் வந்துவிட்டது.

"காகிதப் பக்கம் பசையில கெடக்கு."

அவள் திரும்பவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றாள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகை வைத்து அவனால் எதையும் படிக்க முடியவில்லை.

"புரட்டாம போட்டுட்டேன். சுருள் வெனீர் போடற ஞாபகத்துல... இப்படிக் கெடந்துச்சு, அப்படியே எடுத்து..." கைகளால் காட்டினான். யாரும் பார்க்கவில்லை.

மேஜை தேய்க்கும் சத்தம் நின்றது.

"எப்போ?" என்றாள் அவள்.

"நான் வேணும்னு பண்ணலடி, சத்தியமா..."

"அதைக் கேக்கல. எப்போ இறுக்கினீங்க? சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"இப்பதான். உங்க அண்ணன் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

அவள் திரும்பினாள். முகத்தில் கண்ணீர் இல்லை, கோபம் இல்லை. தீப்பிடித்த வீட்டில் குழந்தை எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவளின் முகம்.

"தெறங்க பிரஸ்ஸை!"

"தெறந்தா..."

"காகிதம் இப்ப பசைத் தண்ணியைக் குடிச்சுக் கொழகொழன்னு இருக்கும். காஞ்சா கல்லு. தெறங்கங்கறேன்!"

அவன் பாய்ந்தான். பாய்ந்தாலும் கை தன் தொழிலை மறக்கவில்லை. ஒரு பக்கத்தை முழுசாகத் தளர்த்தினால் மறுபக்கம் நெம்பி, பலகை துள்ளி, நடுவில் படம் பிளந்துவிடும். மூலைக்கு மூலை, எதிரும் புதிருமாக, எல்லாத் திருகையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினான். நெற்றி வியர்வை திருகின் மேலேயே சொட்டியது. மேல்பலகையைத் தூக்கினார்கள்.

கடல் அங்கே கிடந்தது. தப்புப் பக்கம் திரும்பிய கடல். விளக்கம் இடது ஓரத்தில் ஒன்றும் தெரியாத மாதிரி நின்றது.

"இப்படியே எடுத்தா துண்டு துண்டா உதிர்ந்துடும்" என்றாள். "முதல்ல மேலே புதுக் காகிதம். கோந்துக் காகிதப் பட்டையை எடுங்க. ரொம்ப நனைக்காதீங்க, நாக்கால தொட்ட மாதிரி ஈரம் போதும்."

அவன் பழுப்புப் பட்டையைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தான். அவள் ஸ்பாஞ்சில் தொட்டு வரிசையாக ஒட்டினாள், குறுக்கே ஒரு வரிசை, நெடுக்கே ஒரு வரிசை. கடல் மறைந்தது. படகு மறைந்தது.

"சீக்கிரம் காயணுமே!" மச்சான் எங்கிருந்தோ இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "சூடா ஒரு தேய்ப்பு தேய்ச்சா..."

"அண்ணே! அதை அப்படியே கீழ வையுங்க!" அவள் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "சூடு காட்டினா கீழ இருக்கிற பசை கெட்டியாப் பிடிச்சுக்கும். ஃபேனைப் போடுங்க. உதவி பண்ணணும்னா ஃபேனைப் போட்டுட்டு மூச்சு விடாம நில்லுங்க."

மச்சான் ஃபேனைப் போட்டார். உண்மையாகவே மூச்சையும் பிடித்துக்கொண்டார்.

காத்திருந்த நேரம்தான் கொடுமை. மேலே காய வேண்டும், கீழே காயக்கூடாது. இரண்டுக்கும் ஒரே ஃபேன்! அவள் விரல் நுனியால் மேல்காகிதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவன் பலகையின் ஓரத்தில் ஈரத் துணியை ஒற்றிக்கொண்டே சுற்றி வந்தான்.

"ம்" என்றாள் அவள்.

பட்டி பூசுகிற அகலத் தகட்டைப் படத்தின் மூலையில் வைத்து, படுக்கைவாட்டில் மெதுவாகத் தள்ளினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஈரமாக ஒரு சத்தம். காகிதம் தன் தடிமனுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்தது. பாதி பலகையோடு நின்றது. பாதி மரத்தோடு வந்தது.

"வருது" என்றான் அவன். குரல் அவனுடையதாகவே இல்லை.

"பேசாதீங்க. அந்த மூலையிலிருந்து நீங்க வாங்க."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக உள்ளே போனார்கள். ஓரங்கள் வழிவிட்டன. ஆனால் தகடு உள்ளங்கை நீளம்தான். அதற்கு அப்பால் எட்டவில்லை. நடுவில், படகும் கடலின் பெரிய அலைகளும் இருக்கிற இடத்தில், படம் பலகையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்க்க முடியாது, தூக்கினால் முறியும். படத்தின் மரம்தான் விரல் நகத்தைவிட மெல்லியது ஆயிற்றே.

அவள் நிமிர்ந்தாள். பட்டித் தகட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"நடுவுல காய ஆரம்பிச்சிருச்சுங்க."

அவன் அவளைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். பிறகு மச்சானின் தோளைப் பார்த்தான்.

"மச்சான், பையில தூண்டில் நரம்பு இருக்கா?"

"இந்த நேரத்துல மீன் பிடிக்கவா போறே?"

"குடுங்க மச்சான்!"

கண்ணுக்கே தெரியாத நைலான் நரம்பு. ஒரு முனையைத் தன் கையிலிருந்த ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டான். மறுமுனையை மச்சானிடம் கொடுத்தான். ஓரத்தில் பிளந்த இடத்துக்குள் நரம்பை நுழைத்து, இரண்டு பேரும் பலகையோடு பலகையாகக் கையைத் தாழ்த்திப் பிடித்தார்கள்.

"சோப்புக் கட்டியை நூலால அறுப்போமே, அப்படி. நான் இழுக்கறப்ப நீங்க விடணும். நீங்க இழுக்கறப்ப நான் விடுவேன். மேலே தூக்கிடாதீங்க. ஒரு முடி அளவு தூக்கினாலும் அலை அறுந்துரும்."

"ஏ மாப்ளே, எனக்கு இப்பவே கை வேர்க்குது."

"துடைச்சுக்குங்கண்ணே" என்று தங்கையே தன் முந்தானையை நீட்டினாள்.

இழுத்தார்கள். விட்டார்கள். நரம்பு ஈரக் காகிதத்துக்குள் உறுமிக்கொண்டே நகர்ந்தது. அவள் ஒரு உள்ளங்கையைப் படத்தின் மேல் அழுத்தி வைத்து, நரம்பு போகிற இடத்தைத் தடவிக்கொண்டே சொல்லி வந்தாள்: "விளக்கம் தாண்டியாச்சு... படகு... மெதுவா, இங்க மெதுவா... பெரிய அலை... அண்ணே, தூக்குறீங்க! தாழ்த்துங்க... ஆங்... அவ்வளவுதான்... அவ்வளவுதான்..."

திடீரென்று எதிர்ப்பே இல்லை. மச்சான் இழுத்த வேகத்தில் இரண்டடி பின்னால் போய், காலி டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

படம் பலகையில் தளர்ந்து கிடந்தது. அவள் ஒரு ஓரத்தைத் தொட்டாள். நகர்ந்தது.

பிறகு மச்சான் டப்பாவில் உட்கார்ந்தபடியே, கையில் தொங்கிய நரம்பைப் பார்த்துச் சொன்னார்: "இத்தனை வருஷத்துல இது பிடிச்ச முதல் மீன்."

அவள்தான் முதலில் சிரித்தாள். சிரிப்பு ஆரம்பித்து நிற்காமல், தரையில் உட்கார்ந்து, பிரஸ்ஸின் காலில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். போன உயிர் திரும்பி வரும்போது அவ்வளவு கனமாக வரும் என்று அவனுக்குத் தெரியாது.

நஷ்டமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு பறவையின் இறக்கை மட்டும் பலகையோடு நின்றுவிட்டது. அவள் அதைச் சுரண்டிப் பார்த்தாள், இரண்டாக முறிந்திருந்தது. "போகட்டும், வேற அறுத்துக்கலாம். இறக்கைக்கு மரம் இருக்கு. கடலுக்குத்தான் இல்ல" என்று முந்தானையை உதறுகிற அலட்சியத்தோடு சொன்னாள்.

மச்சான் மெதுவாக எழுந்து கிட்டே வந்தார். "தங்கச்சி, ஒரு விஷயம். மாப்ளைய சொல்ல வேணாம்னு சொன்னது நான்தான்."

"தெரியும்ணே. வெறும் மேஜையைத் தேய்க்கறப்பவே தெரியும், என்னவோ இருக்குன்னு." அண்ணனிடமிருந்து பார்வையை எடுத்துக் கணவனைப் பார்த்தாள். "இதையே நாளைக்குக் காலைல சொல்லியிருந்தீங்கன்னா..."

முடிக்கவில்லை. அவளுடைய மரத்தூள் படிந்த கை அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது, கொஞ்சம் வலிக்கிற மாதிரியே.

மீதி வேலை வெளிச்சம் இருக்கும்போதே நடந்தது. முகத்தில் கிழிந்த காகிதத்தின் மேல் புதுக் காகிதம் போட்டார்கள். முதுகில் ஒட்டியதை நனைத்து உரித்தார்கள். புது இறக்கை அறுபட்டு, மணலைச் சட்டியில் சுட வைத்து, அதில் செருகி, நிழல் தெரிய இறக்கையின் ஓரம் கருக்கப்பட்டு, பறவைக்குப் பொருத்தப்பட்டது. புதுப் பலகையில் பசை தடவினான். இந்த முறை இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினார்கள்.

"புரட்டுங்க" என்றாள்.

புரட்டினான்.

"காகிதம் எந்தப் பக்கம்?"

"மேலே."

"மச்சான் நீங்களும் ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்க" என்றான் அவன்.

"மேலேதான் மாப்ளே. நான் சாட்சி."

இறுக்கினான்.

மறுநாள் காலை பிரஸ்ஸைத் திறந்து, நனைத்து, அவள் சுரண்ட ஆரம்பித்தாள். பழுப்புக் காகிதம் ஈரச் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. முதலில் வானம். பிறகு வலது ஓரத்தில் கலங்கரை விளக்கம். பிறகு, இடது பக்கமாக, துறையை நோக்கித் திரும்பி வருகிற படகு. இத்தனை நாளும் பின்பக்கத்திலிருந்து பார்த்தபோது அது கரையை விட்டுப் போகிற மாதிரியே இருந்தது.

அவள் சுரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டடி பின்னால் போனாள். தலையைச் சாய்த்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடி? ஏதாவது தப்பா?"

"இல்லீங்க." அவள் கண்ணை எடுக்காமலே சொன்னாள். "நானும் இதை இப்பதானே முதல் தரம் பார்க்கறேன்."